கொஞ்சம் வாயைத் திறங்க சார்!

2011 மார்ச் 20, சேப்பாக்கம் மைதானம். உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுடன் லீக் ஆட்டம். யுவராஜ் சிங் இருமிக்கொண்டே ஆடுகிறார், நடுவில் மைதானத்திலேயே குனிந்து வாந்தி எடுக்கிறார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மட்டையைப் பிடிக்கிறார். 113 ரன். பிறகு பந்து வீசி இரண்டு விக்கெட். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. பார்த்தவர்கள் சென்னை வெயிலைத்தான் திட்டினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செய்தி வந்தது. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே கட்டி, புற்றுநோய். அவருக்கு அப்போது வயது 30. அமெரிக்காவில் கீமோதெரபி முடித்துத் தேறி, 2012 செப்டம்பர் 11 அன்று நியூசிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தில் அதே சேப்பாக்கத்தில் திரும்ப இறங்கினார். 34 ரன் எடுத்தார்.

உடம்பு காட்டிய அறிகுறிகளைக் காதில் வாங்காமல் ஆடிக்கொண்டிருந்ததை யுவராஜே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்திய அணி வீரருக்குக் கூப்பிட்ட தூரத்தில் பிசியோ இருப்பார், டாக்டர் வருவார். அவரே தள்ளிப்போட்டார் என்றால், லேத் பட்டறையில் நிற்பவரும் லாரி ஓட்டுபவரும் எந்த மூலைக்கு? அரை நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவர்களுக்கு வலுவான காரணம் வேண்டும். வலி இருந்தால்தான் அது காரணம். ஆரம்பத்தில் பிடிபடும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.

வலி இல்லாத தொந்தரவுக்கு நம் ஆண்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. வாயில் புண்ணா? உடம்பு சூடு, மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும். சிறுநீர் சிவப்பாகப் போகிறதா? அதுவும் சூடு, ரெண்டு இளநீர் குடி. மலத்தில் ரத்தமா? மூலம். வயிறு மந்தமா? வாயு. விடாத இருமலா? அது பீடி இருமல், இருபது வருஷமாக இருக்கிறது. இந்தப் பதில்கள் பல நேரம் சரியாகவும் இருந்துவிடுகின்றன. சிக்கலே அதுதான். ஒன்பது தடவை சரியாகச் சொன்னவரின் பத்தாவது கணிப்பை அவரே சந்தேகிக்க மாட்டார்.

மருத்துவர்கள் இதற்கு எளிமையான அளவுகோல் ஒன்று வைத்திருக்கிறார்கள்: மூன்று வாரம். ஆறாத புண், குரல் கம்மல், இருமல், விழுங்கும்போது தடை, கழுத்தில் கட்டி... மூன்று வாரம் தாண்டியும் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். ரத்தத்துக்கு மட்டும் அந்த மூன்று வாரமும் கிடையாது.

கொடுப்பில் அடக்கியது

மத்திய அரசு 2016-ல் வகுத்த திட்டப்படி, 30 வயது தாண்டியவர்களுக்கு மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை நடக்க வேண்டும்: வாய், மார்பகம், கருப்பைவாய். இதில் ஆண்களுக்கு உரியது ஒன்றே ஒன்றுதான், வாய். மனைவியைப் பரிசோதனைக்கு பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்து நிற்கும் கணவருக்கும் அங்கே ஒரு பரிசோதனை உண்டு என்பது அவருக்கே தெரியாது. அதிலும் வாயில் ஹான்ஸ் புகையிலை அடக்கியபடி நிற்பவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட வேண்டும்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு கணக்குப்படி, இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்குத்தான். ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய் நாக்கிலும் நாக்குக்கு அடியிலும் அதிகம். நம் ஊரில் கன்னத்தின் உட்புறத்திலும் கீழ் ஈறை ஒட்டிய பள்ளத்திலும் அதிகம். காரணம் கண்கூடு. புகையிலையை எந்தப் பக்கம் அடக்குகிறாரோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் கட்டி எழும்புகிறது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் உண்டு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அதே நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்குக்குத் தனியாக ஒரு வேலையும் இருக்கிறது. கன்னத்தின் உள்சதையை நார் நாராக இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் எரியும். ரசம்கூடச் சுள்ளென்று இருக்கும். பிறகு வாய் முழுசாகத் திறக்காது. பானிபூரியைக் கடித்துத்தான் தின்ன வேண்டியிருக்கும். பான் மசாலா போடும் இருபது வயதுப் பையன்களிடமே இந்த இறுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் தடை. பெட்டிக்கடையில் அது எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். அடுத்து கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சைப் போட்டு, உதட்டைப் பிதுக்கிப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து உட்புறம். ஈறு. நாக்கை நீட்டி இரண்டு ஓரங்களும், பிறகு தூக்கி அடிப்பக்கமும். அண்ணாக்கு. சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் காட்ட வேண்டும். வெல்வெட் போல் சிவந்த திட்டு அதைவிட மோசம். ஒற்றைப் பல் மட்டும் காரணமில்லாமல் ஆடுவது, பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது, வாய்ப் புண்ணோடு ஒரு பக்கக் காது வலிப்பது - இவையும் கணக்கில் சேரும். "பல் கூர்மையாக இருக்கிறது, கடித்துக்கொண்டேன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே மாதங்களை ஓட்டியவர்களைப் பல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

டார்ச் அடித்துப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று சந்தேகம் வருவது நியாயம். அதை நிரூபித்த ஆய்வு நடந்தது பக்கத்து ஊரில்தான். 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டார்கள். 35 வயது தாண்டிய சுமார் 1.9 லட்சம் பேர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பாதிப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகம் என்றால் டாக்டரிடம் அனுப்பினார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 2005-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவிகிதம் குறைந்திருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களுக்குக் குறிப்பிடும்படியான பலன் இல்லை. ஆக, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதிலும் குழப்பமில்லை. புகையிலையும் மதுவும் சேர்ந்தவருக்கு ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. டாஸ்மாக் பார் வாசலில் ஒரு டார்ச்சும் ஒரு செவிலியரும் நின்றால் நல்ல அறுவடை கிடைக்கும் என்று தோன்றுகிறது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் சிறிய அறுவை சிகிச்சையோடு முடியும், பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். முற்றிய நிலையில் தாடை எலும்பையே எடுக்க வேண்டியிருக்கும். வாய்ப் புற்றுநோய்க்கு 2004-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சரத் பவார் இன்றைக்கும் அரசியல் பேசுகிறார். அவரது கட்சியைச் சேர்ந்த ஆர்.ஆர்.பாட்டீல், மகாராஷ்டிரத்தின் துணை முதல்வராக இருந்தவர், அதே நோயால் 2015-ல் இறந்தார்.

தானாக நின்ற ரத்தம்

சிறுநீரில் ஒரு தடவை ரத்தம் போகிறது. வலி கிடையாது. பயந்துபோய் இளநீர் குடிக்கிறார், மோர் குடிக்கிறார். மறுநாள் நின்றுவிடுகிறது. இளநீர்தான் நிறுத்தியது என்று நம்பிவிடுகிறார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் சுபாவமே அப்படித்தான். ரத்தம் வரும், போகும், ஆறு மாதம் கழித்து மறுபடி வரும். நாற்பதைத் தாண்டிய, அதிலும் சிகரெட் பிடிக்கிற ஆணுக்கு வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் ஒரே ஒரு தடவையானாலும் யூராலஜிஸ்ட்டைப் பார்த்தாக வேண்டும். எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தொற்றாக இருக்கலாம். வலியில்லாத ரத்தம்தான் அதிகக் கவலை தருவது. சிகரெட் புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. நுரையீரலுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி தெரிவதில்லை.

பார்க்கும் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை ஜெர்மானிய அறுவை சிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன் 1895-லேயே சுட்டிக்காட்டினார். சில வகைச் சாயங்களிலும் ரப்பர் தொழிலிலும் இருக்கும் ரசாயனங்களே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. சாயப்பட்டறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது மளிகைக் கடை வைத்திருப்பவர், "என்ன தொழில்?" என்று கேட்டால் மளிகை என்றுதான் சொல்வார். பழைய வேலையும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மலத்தில் ரத்தம் இன்னும் சங்கடமானது, சொல்லவே கூச்சம். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்ற போஸ்டர் இல்லாத ஊர் உண்டா? அந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டியும் இருக்கலாம். ஒன்று இன்னொன்றுக்குத் தடையில்லை. மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறுவது, போய்விட்டு வந்தும் முழுசாகப் போகாத உணர்வு, மலம் தார் போலக் கறுப்பது ஆகியவை ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 'பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் தெரிய வந்தது 2016-ல், நாற்பதை எட்டும் முன்பே. 2020-ல் 43 வயதில் இறந்தார். வயசானவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அமெரிக்காவில் 2021 முதல் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது ஆணின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு என்று வருகிறது. டானிக் எழுதிக் கொடுக்கிறார்கள், அவரும் பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார். பெண்களுக்கு மாதவிடாய் ஒரு காரணமாக இருக்கலாம். ஆணுக்கு இரும்புச்சத்து எங்கே போனது? வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி செய்து பார்க்காமல் டானிக்கோடு விடுவது ஆபத்து. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் முன்னணியில் இருப்பவற்றுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, பேன்ட் இடுப்பு தானாக லூசாவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த 'கேஸ்' தொல்லை - இவற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்தக் கூடாது.

டிபி மருந்து கேட்காத இருமல்

நுரையீரல் புற்றுநோய்க்கு நம் நாட்டில் கூடுதலாக ஒரு தடை உண்டு. இருமல், சளியில் ரத்தம், எடை இறக்கம், மாலைக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாமே காசநோய்க்கும் பொருந்தும். காசநோய் இங்கே அதிகம். எனவே சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டிபி மருந்து தொடங்கிவிடுவது உண்டு. மூன்று மாதம் கழித்தும் நிழல் குறையவில்லை என்ற பிறகுதான் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். புகைபிடிப்பவருக்குச் சளியில் கிருமி தெரியாமலே டிபி மருந்து தொடங்கினால், "எப்போது மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

அறிகுறியே இல்லாத புகைபிடிப்பவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுப்பது அமெரிக்காவில் வழக்கம். தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருஷம் பிடித்த, 50 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை. அங்கே 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவிகிதம் குறைந்திருந்தது. நம் ஊரில் பழைய டிபி தழும்புகளே ஸ்கேனில் புள்ளி புள்ளியாகத் தெரிந்து பயமுறுத்தும். அதனால் இதை நுரையீரல் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும், லேப் விளம்பரத்தைப் பார்த்து அல்ல.

பிஎஸ்ஏ எண்ணும் பேக்கேஜ் வியாபாரமும்

ஆண்களுக்கான புற்றுநோய் என்றதும் படித்தவர்கள் வாயில் முதலில் வருவது புராஸ்டேட். ஐம்பது வயதுக்கு மேல் இரவில் நாலு தடவை எழுந்திருப்பது, சிறுநீர் முக்கி முக்கிப் போவது ஆகியவை பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கத்தால். அது புற்றுநோய் அல்ல. ஆரம்ப நிலைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. எனவே பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. தொற்று, வீக்கம், சைக்கிள் பயணம், முந்தின நாள் தாம்பத்தியம்கூட அந்த எண்ணை ஏற்றிவிடும். 1970-ல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆப்லினே, எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்வது பெரிய தவறு என்று 2010-ல் எழுதினார். ஒன்றும் செய்யாமலே விட்டிருந்தாலும் கெடுதல் செய்திராத கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்து, சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம் என்பது அவர் வாதம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எலும்புக்குப் பரவியிருந்தது. அவர் கடைசியாகப் பிஎஸ்ஏ பார்த்தது 2014-ல் என்றது அவர் தரப்பு. எழுபது வயதுக்கு மேல் வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்பதே அங்குள்ள பரிந்துரை; விதிப்படி நடந்தவருக்கே இப்படி. என் கருத்து இது: 50 முதல் 70 வயதுக்குள் இருப்பவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் முன்பே, யூராலஜிஸ்ட்டிடம் பேசிவிட்டுப் பார்க்கலாம். எண் கூடுதலாக வந்தால் உடனே பயாப்ஸிக்கு ஓடாமல் மறுபடி ஒரு முறை, பிறகு எம்ஆர்ஐ. தீவிரமில்லாத கட்டி என்றால் அறுக்காமல் கண்காணிப்பில் வைத்திருக்கும் முறையும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பேக்கேஜ்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. சிஇஏ, சிஏ 19-9 என்று 'கேன்சர் மார்க்கர்' வரிசையைச் சேர்த்து விலையை ஏற்றுகிறார்கள். நோய் உறுதியானவர்களின் சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்கப் பயன்படுபவை இவை. நலமாக இருப்பவரிடம் நோயைத் தேட உதவாதவை. நார்மல் என்று வந்தால் பொய்யான நிம்மதி, கூடுதலாக வந்தால் தேவையில்லாத ஸ்கேன். அத்தனை பக்க ரிப்போர்ட்டில் யாரும் அவர் வாயைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 15 முதல் 40 வயதுக்குள் வரும் விரைப் புற்றுநோய் அரிது, ஆனால் குணமாகும் விகிதம் மிக அதிகம். குளிக்கும்போது ஒரு விரையில் வலியில்லாத கெட்டிக் கட்டி தட்டுப்பட்டால் அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கலாம், டாக்டரிடம் கூச்சம் வேண்டாம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும்வரை வீக்கத்தைப் பொருட்படுத்தாமல் இருந்தவர், அவரே பிழைத்தார். பிறந்தபோது விரை இறங்காமல் இருந்த பையன்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அந்த நோய் வருபவர்களில் நூற்றில் ஒருவர் ஆண் என்ற கணக்கில். காம்புக்கு அடியில் கட்டி தென்பட்டால் கொழுப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே போவது?

வாயைக் காட்ட ஆரம்ப சுகாதார நிலையமோ, அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவோ, பக்கத்துப் பல் மருத்துவரோ போதும். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கேட்கலாம். உறுதியானால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, மாவட்டத் தலைநகர்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள், நோய் வந்த பிறகு அலைவதைவிட அது மேல். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். விட்ட பிறகும் சில வருஷங்களுக்கு வாயை ஆண்டுக்கொரு முறை காட்டிக்கொள்வது நல்லது.

பயாப்ஸி என்றதும் குடும்பத்தில் ஒருவராவது "கத்தி பட்டா பரவிடும்" என்பார். வாய்ப் புண்ணின் ஓரத்தில் சிறு துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நாட்டு மருந்தோடு ஆறு மாதம் போனால் அதற்குள் நோய் தானாகவே பரவும். பயாப்ஸி எடுத்த இடத்தில் ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாமல், ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்குள்ள நோய்க்குறியியல் நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான். கையில் இருந்தால் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது, ஒரு வாரமும் மிச்சமாகும்.